304 ஆட ஆள் சேர்க்கிறீர்களா?

304 சீட்டாட்டத்துக்கு மேசைக்கு நான்கு பேர் வேண்டும். ஒருவர் வராவிட்டால் மற்ற மூவரும் கையைப் பிசைந்துகொண்டிருக்க வேண்டியதுதான். திருகோணமலையில் போயா (பௌர்ணமி) விடுமுறைக்கு ஆள் சேர்ப்பவர்கள் வாட்ஸ்அப் குழுவில் விழும் கட்டைவிரல் குறியை நம்ப வேண்டாம். 'வருகிறேன்', 'இடம் கிடைத்தால் வருகிறேன்' என இரண்டே தெரிவுகளுடன் வாக்கெடுப்பு வையுங்கள். யார், எப்போது அழுத்தினார் என்பது பெயருடன் தெரியும். அதுவே காத்திருப்போர் வரிசை.

ஆட்டத்துக்கு முதல்நாள் மாலைக்குள் மறுபடி உறுதி செய்யாதவரின் இடத்தை அடுத்தவருக்குக் கொடுங்கள். அன்று காலை ஒருவர் கழன்றுகொண்டால் மட்டும் வரிசை பார்க்காதீர்கள்: மூதூரில் இருப்பவர் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் பாதி ஆட்டம் முடிந்துவிடும். உப்புவெளியிலோ நகரத்திலோ இருப்பவரைக் கூப்பிடுங்கள். இதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் மனத்தாங்கல் வராது.

வந்தவர் பெயரை வாசலிலேயே குறியுங்கள். சொல்லாமல் இரண்டு முறை வராதவருக்கு அடுத்த தடவை காத்திருப்போர் பட்டியல்தான், சொந்த மச்சானாக இருந்தாலும்.