வீட்டுக் காபிக்கு மாதம் எவ்வளவு ஆகிறது? கிராமில் கணக்குப் பார்க்கும் முறை

வீட்டில் காபிக்கு மாதம் எவ்வளவு செலவாகிறது என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் பாக்கெட் விலையைச் சொல்வார்கள். அந்தப் பாக்கெட் எத்தனை நாள் வருகிறது என்று கேட்டால் பதில் வராது. அது தெரியாமல் மாதச் செலவைச் சொல்லவே முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. காபி விலை நம் கையில் இல்லை. உலகக் காபி விளைச்சலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பிரேசிலிலிருந்து வருகிறது. 2021 ஜூலையில் அங்கே தோட்டங்களில் உறைபனி விழுந்ததும் சந்தையில் விலை எகிறியது. இந்த மாதம் பில் கூடியிருந்தால், விலை ஏறியதா, நாம் கூடுதலாகக் குடித்தோமா, வீணாக்கினோமா என்பதைப் பணத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் முதலில் கிராமில் கணக்கெடுங்கள். விலையைக் கடைசியில் பெருக்கிக்கொள்ளலாம்.

28 நாள் கணக்கு

காலண்டர் மாதத்தை எடுக்காதீர்கள். சில மாதங்களில் ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் வரும். விடுமுறை நாளில் எல்லோரும் வீட்டில் இருப்பதால் காபி கூடும், கணக்கு சாயும். சரியாக நான்கு வாரம், அதாவது 28 நாள் எடுத்தால் எல்லாக் கிழமையும் சமமாக வரும்.

ஒவ்வொரு கப்பையும் எடை போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். முதல் நாள் காலையில் காபி டப்பாவை மூடியோடு சமையலறைத் தராசில் வையுங்கள். எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். இடையில் வாங்கிக் கொட்டும் பாக்கெட்டுகளின் நிகர எடையைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். 28 நாள் முடிந்த மறுநாள் காலை, முதல் கப்புக்கு முன், அதே டப்பாவை மறுபடி வையுங்கள். டப்பாவின் சொந்த எடை இரண்டு பக்கமும் இருப்பதால் தானே கழிந்துவிடும்.

ஓர் உதாரணம். தொடக்கத்தில் 620 கிராம். நடுவில் சேர்த்தது 1,500 கிராம். முடிவில் 440 கிராம். செலவானது 1,680 கிராம், ஒரு நாளைக்கு 60 கிராம். ஒரு மாதத்துக்குச் சராசரியாக 30.4 நாள் என்பதால் 1,824 கிராம். இதை ஒரு கிராமின் விலையால் பெருக்கினால் காபித் தூளின் மாதச் செலவு கிடைத்துவிடும்.

இதோடு டப்பா மூடியில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, குடித்த ஒவ்வொரு கப்புக்கும் ஒரு கோடு போடுங்கள். குடித்த கப்புக்கு மட்டும்தான் கோடு, போட்ட கப்புக்கு இல்லை. ஆறிப்போய் ஊற்றியது இந்தக் கணக்கில் வரக் கூடாது. விருந்தினர் குடித்ததை வட்டமாகக் குறித்தால், பிறகு தனியே பார்க்க முடியும்.

மேலே சொன்ன வீட்டில் 28 நாளில் 96 கோடுகள் விழுந்திருந்தால், 1,680ஐ 96ஆல் வகுக்க 17.5 கிராம் வரும். ஒரு கப்புக்கு 15 கிராம் போடுவதாகத்தான் அந்த வீட்டில் நினைக்கிறார்கள். கப்புக்கு 2.5 கிராம் வீதம் 96 கப்புக்கு 240 கிராம் எங்கேயோ போயிருக்கிறது. செலவானதில் ஏழில் ஒரு பங்கு. இந்த இடைவெளியைக் கண்டுபிடிக்கத்தான் இவ்வளவு கணக்கும்.

அந்த 240 கிராம் எங்கே போகிறது

முதல் சந்தேகம் கரண்டி. தலைதட்டிய ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 5 கிராம் தூள் பிடிக்கும். குவித்து எடுத்தால் 7, 8 கிராம் கூட வரும். வீட்டில் இருவர் மாறி மாறிப் போட்டால் இருவர் கையும் ஒன்றாக இருக்காது. வறுவலும் அளவை மாற்றும். கருக வறுத்த கொட்டை உப்பிப் பெரிதாகி, எடை குறைந்து லேசாகிவிடும். அதனால் கருவறுவலிலிருந்து இளவறுவலுக்கு மாறும்போது, அதே கரண்டியில் கூடுதல் கிராம் ஏறும். பாக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிட்டதே என்று தோன்றுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

0.1 கிராம் காட்டும் தராசு இருந்தால் நல்லது. 1 கிராம் மட்டுமே காட்டும் தராசுதான் இருக்கிறதென்றால், அதில் ஒரு கரண்டியை நிறுக்காதீர்கள். பத்துக் கரண்டியை ஒரு கிண்ணத்தில் போட்டு நிறுத்துப் பத்தால் வகுங்கள். அந்த வகைத் தராசுகள் மெதுவாகக் கொட்டும் சிறு எடையைச் சில சமயம் காட்டவே காட்டாது. தூளைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு மொத்தமாக வைப்பதே சரி.

எவ்வளவு போட வேண்டும்? வடிகட்டி இறக்கும் காபிக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 55 முதல் 65 கிராம் வரை பொதுவான அளவு. 250 மில்லி தண்ணீருக்கு 15 கிராம். ஒரு கிராம் தூள் ஏறத்தாழ இரண்டு கிராம் தண்ணீரைத் தன்னிடமே பிடித்துவைத்துக்கொள்ளும், ஆகவே கோப்பையில் இறங்குவது சுமார் 220 மில்லி. கப் நிறையவில்லை என்று பலர் இந்த இடத்தில் இன்னொரு கரண்டித் தூளும் தண்ணீரும் சேர்க்கிறார்கள். தொடக்கத்திலேயே தண்ணீரை 280 மில்லியாகவும் தூளை 17 கிராமாகவும் வைத்தால் முழுக் கப் இறங்கும், அரைகுறையாக இரண்டாம் முறை இறக்க வேண்டியிருக்காது.

இரண்டாவது, கீழே ஊற்றுவது. ஒரு லிட்டர் இறக்கி 250 மில்லியை ஊற்றிவிட்டால், அதோடு 15 கிராம் தூளும் போகிறது. தினமும் இது நடந்தால் மாதத்துக்கு 456 கிராம். இது பெரும்பாலும் காலையில் பெரிய பாத்திரத்தில் ஒரேயடியாக இறக்கும் வீடுகளில் நடக்கும். ஒரு வாரத்துக்கு, மிஞ்சியதை ஊற்றும் முன் ஓர் அளவுக் குவளையில் ஊற்றிப் பாருங்கள். அந்த எண்ணைப் பார்த்த பிறகு அளவு தானாகவே குறையும். இறக்கியதைச் சூட்டுத் தட்டின் மேல் விட்டுவைத்தால் அரை மணி நேரத்துக்குள் சுவை கசந்து கெடத் தொடங்கும். பிளாஸ்க்கில் ஊற்றி மூடினால் இரண்டாவது சுற்றுக்கும் குடிக்கும்படி இருக்கும்.

மூன்றாவது பலரும் கவனிக்காதது: அரவை. காபித் தூளில் சுமார் 18 முதல் 22 சதவீதம் கரைந்து கோப்பைக்குள் வந்தால் சுவை நன்றாக இருக்கும். அரவை கொரகொரப்பாக இருந்தாலோ தண்ணீர் சூடு போதாமல் இருந்தாலோ 15 சதவீதம்தான் இறங்கும். காபி நீர்த்துப்போய், லேசாகப் புளிக்கும். உடனே தூளைக் கூட்டுகிறோம். 20 சதவீதம் இறங்கும்போது 60 கிராமில் கிடைக்கும் அதே அடர்த்தி, 15 சதவீதத்தில் கிடைக்க 80 கிராம் வேண்டும். மூன்றில் ஒரு பங்கு அதிகம்! அதுவும் புளிப்பு போகாமலே. தூளைக் கூட்டும் முன் இரண்டைச் சரிபாருங்கள். தண்ணீர் 90 முதல் 96 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். அரவையை ஒரு படி நைசாக்கிப் பாருங்கள். நாக்கு வறண்டு கசந்தால் அளவு மீறிவிட்டது, ஒரு படி பின்னால் வாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

நான்காவது, பழசாகிப் போன தூள். அரைத்த தூள் திறந்த சில நாட்களிலேயே மணத்தை இழக்கத் தொடங்கும். முழுக் கொட்டை, காற்றுப் புகாத டப்பாவில் சில வாரம் தாங்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பெரிய பாக்கெட் வாங்கி, கடைசிக் கால் பங்கைக் குடிக்க மனமில்லாமல் தூக்கிப் போட்டால், கிடைத்த தள்ளுபடி அதிலேயே போய்விடும். பெரிய பாக்கெட்தான் வாங்குவதென்றால், வாங்கிய அன்றே ஒரு வாரத்துக்கு ஒன்று என்று பிரித்து, காற்றை வெளியேற்றி மூடி, ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்த பொட்டலம் அறைச் சூட்டுக்கு வரும் வரை பிரிக்கக் கூடாது. குளிர்ந்த தூளில் காற்றின் ஈரம் படிந்தால் கட்டிதட்டிவிடும். ஒரே பொட்டலத்தைத் தினமும் எடுத்து எடுத்து வைப்பதைவிட வெளியே வைப்பதே மேல்.

எஸ்பிரஸ்ஸோ போடுகிறவர்களுக்குத் தனிக் கணக்கு

எஸ்பிரஸ்ஸோவில், அதாவது இயந்திர அழுத்தத்தில் இறக்கும் அடர்காபியில், ஒரு இரட்டை ஷாட்டுக்கு (இரட்டை அளவில் ஒரு முறை இறக்குவது) 16 முதல் 20 கிராம் போகும். 18 என்று வையுங்கள். 250 கிராம் பாக்கெட்டில் 13 ஷாட்டுக்கு மேல் வர வேண்டும் என்று தோன்றும். வராது. புதுக் கொட்டைக்கு ஏற்ற அரவையைத் தேடிப் பிடிக்கும்போது மூன்று ஷாட்டாவது பாழாகும், அதுவே 54 கிராம். கிரைண்டரில் தங்கிய முந்தைய அரவையின் மிச்சத்தைத் தள்ள தினமும் ஒரு கிராம் கொட்டை போகும். மீதி 196 கிராமில், நாளுக்கு ஒரு ஷாட் குடிக்கிறவருக்குப் பத்து ஷாட்தான். ஒரு ஷாட்டின் விலை கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது. அதே மூன்று ஷாட் ஒரு கிலோ பாக்கெட்டில் 5.4 சதவீதம்தான். எஸ்பிரஸ்ஸோ குடிக்கிறவர் ஒவ்வொரு வாரமும் புதுப்புதுக் கொட்டையாக 250 கிராம் வாங்குவது மிகச் செலவான பழக்கம். ஒரே கொட்டையை மாதம் முழுக்க வைத்துக்கொண்டு, பிரித்து உறைய வைப்பதே எங்கள் பரிந்துரை.

கேப்சூலும் இன்ஸ்டன்ட்டும்

கேப்சூல் என்பது இயந்திரத்தில் போடும், தூள் அடைத்த சிறு குப்பி. அதன் விலையை உள்ளிருக்கும் கிராமால் வகுத்து 1,000ஆல் பெருக்கினால் கிலோ விலை வரும். எண் அதிர்ச்சியாக இருக்கும். ஆனால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. சிறிய கேப்சூலில் 5 அல்லது 6 கிராம்தான் இருக்கிறது. தூளைவிடக் கிலோ விலை நான்கு மடங்கு என்றாலும், 15 கிராம் போட்டு இறக்கும் கப்போடு 5.5 கிராம் கேப்சூலை ஒப்பிட்டால் செலவு ஒன்றரை மடங்குதான். அந்தச் சின்னக் கப் போதாமல் இரண்டு போட்டுக் குடிக்கிறீர்கள் என்றால் மூன்று மடங்கு. உங்கள் காகிதத்தில் எத்தனை கோடு, எத்தனை காலி கேப்சூல் என்று பார்த்தால் நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரியும்.

இன்ஸ்டன்ட் காபிக்கு ஒரு கப்புக்கு 2 கிராம் போதும். 100 கிராம் பாட்டிலில் 50 கப். கரண்டி குவிந்து 3 கிராம் ஆனால் 33 கப். இங்கே சின்னக் கைத்தவறுக்கே பெரிய விலை.

தூளைத் தவிர மற்றவை

பால் சேர்க்கிற வீட்டில் மாதச் செலவில் பெரும் பங்கு தூளினுடையதாக இல்லாமலே போகலாம். ஒரு கப்புக்கு 150 மில்லி, நாளுக்கு நான்கு கப் என்றால் மாதம் 18 லிட்டருக்கு மேல். இதைக் கணக்கில் சேர்க்காமல் காபி மலிவு என்று சொல்வதில் பொருளில்லை. பாலைக் குடிக்கும் கப்பிலேயே அளந்து, பிறகு காய்ச்சும் பாத்திரத்துக்கு மாற்றினால் மிஞ்சிக் கொட்டுவது நின்றுவிடும். சர்க்கரை ஒரு தேக்கரண்டிக்கு 4 முதல் 5 கிராம். காகித வடிகட்டி ஓர் இறக்கத்துக்கு ஒன்று.

மின்சாரம் பலர் நினைப்பதைவிடக் குறைவு. ஒரு லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க, மின் கெட்டிலில் சுமார் 0.11 யூனிட் ஆகும். ஒரு கப்புக்காகக் கெட்டிலை நிறைத்துக் கொதிக்கவிடாமல் இருந்தால் போதும். நாள் முழுக்க ஆன் செய்து வைக்கும் எஸ்பிரஸ்ஸோ இயந்திரம் வேறு விஷயம். சராசரியாக 100 வாட் இழுத்தாலே 10 மணி நேரத்தில் ஒரு யூனிட், கெட்டிலில் ஒன்பது லிட்டர் கொதிக்க வைத்ததற்குச் சமம். பிளக்கில் செருகும் வாட் மீட்டரை ஒரு நாள் முழுக்க மாட்டிப் பாருங்கள், லேபிளில் போட்டிருக்கும் வாட்டை வைத்துக் கணிக்காதீர்கள். அது சூடேறும்போது இழுக்கும் உச்ச அளவு மட்டுமே.

இயந்திரமும் கிரைண்டரும் வாங்கிய விலையை எதிர்பார்க்கும் மாதங்களால் வகுத்து, தனி வரியில் எழுதுங்கள். ஐந்து வருடம் என்றால் 60ஆல் வகுக்க வேண்டும். நாளுக்கு ஒரு கப் குடிக்கும் ஒருவருக்கு ஐந்து வருடத்தில் சுமார் 1,826 கப், நான்கு கப் குடிக்கும் வீட்டுக்கு 7,300. அதே இயந்திரம் முதலில் சொன்னவருக்குக் கப்புக்கு நான்கு மடங்கு விலை. உப்புப்படிவு நீக்கும் மருந்து, ரப்பர் வாஷர், தண்ணீர் ஃபில்டர் இவற்றை ஒரு வருடச் செலவாக எழுதிப் பன்னிரண்டால் வகுங்கள். வாங்கிய மாதத்தில் மொத்தமாகப் போட்டால் அந்த மாதக் கணக்கு கெடும்.

பச்சைக் கொட்டை வாங்கி வீட்டில் வறுப்பவர்கள், வறுக்கும்போது எடை குறைவதைச் சேர்க்க மறக்கக் கூடாது. இளவறுவலில் 12 சதவீதம் அளவுக்கு, கருவறுவலில் 18, 20 சதவீதம் வரை போகும். ஒரு கிலோ பச்சைக் கொட்டை 850 கிராமாக இறங்கினால், வாங்கிய விலையை 0.85ஆல் வகுத்தால்தான் உண்மையான கிலோ விலை.

குறைக்க வேண்டும் என்றால் எந்த வரிசையில்

மலிவான தூளுக்கு மாறுவதைக் கடைசியில் வையுங்கள். பிடிக்காத காபியைக் குடிக்கிறவர்கள் பாதிக் கப்பைக் கீழே ஊற்றுகிறார்கள், அல்லது வெளியே போய்க் குடிக்கிறார்கள். முதலில் ஊற்றும் அளவை நிறுத்துங்கள், அடுத்து கரண்டிக்குப் பதில் தராசு, அதற்கடுத்து அரவை. இந்த மூன்றையும் ஒரு வாரத்துக்கு ஒன்றாக மாற்றி, மறுபடி ஒரு 28 நாள் எடுங்கள். குடித்த கப்புக்கு 17.5 கிராமாக இருந்தது 15.5க்குள் வந்துவிட்டால் தூளின் பக்கம் வேலை முடிந்தது, அதற்குக் கீழே இறக்க முயன்றால் காபி நீர்த்துப்போகும். பிறகும் செலவு கூடுதலாகப் பட்டால் பால் வரியைப் பாருங்கள்.