அட்டவணையில் உள்ள எண் எங்கிருந்து வந்தது? ஆய்வுக்குப் புதியவர்களுக்கான செய்முறை

ஆய்வு நெறி என்றதும் காப்பியடிப்பதும் போலித் தரவும்தான் நினைவுக்கு வரும். "நாம அதெல்லாம் செய்யமாட்டோம்" என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். ஆனால் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது, "அட்டவணை 3-இல் இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று நெறியாளர் கேட்கும்போது. ஒருமுறை அந்தக் கேள்விக்கு விடை தேடி இரண்டு நாள் பழைய கோப்புகளைக் கிளறினேன். 'இறுதி_புதியது_2' என்ற ஒரே பெயரில் மூன்று கோப்புகள், மூன்றிலும் வெவ்வேறு எண்கள்! அந்த அவதி உங்களுக்கு வராமல் இருக்க, வேலையை இப்படி அமைத்துக்கொள்ளலாம்.

படி 1: மூலத் தரவைத் தொடாதீர்கள்

மூலம், திருத்தியது, முடிவு என்று மூன்று கோப்புறைகள் போதும். கருவியிலிருந்தோ கணக்கெடுப்பிலிருந்தோ வந்த கோப்பு வந்தபடியே 'மூலம்' கோப்புறைக்குள் போகட்டும். போட்ட கையோடு அதைப் 'படிக்க மட்டும்' என்று மாற்றிவிடுங்கள். பெயரில் தேதியை 2025-03-14 என்று ஆண்டை முன்னால் வைத்து எழுதினால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். மொத்தம் மூன்று நகல்கள், இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறு கட்டடத்தில்.

'திறந்து பார்த்தால் என்ன ஆகிவிடும்?' என்று தோன்றும். மரபணு ஆய்வாளர்களைக் கேட்டால் தெரியும். 'மார்ச்1', 'செப்ட்2' என்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதி என்று எடுத்துக்கொண்டு மாற்றிவிடும். அப்படியே சேமித்தால் பழைய பெயர் போனது போனதுதான். வெளியான கட்டுரைகளோடு தரும் இணைப்புக் கோப்புகளிலேயே இப்படிக் கெட்டுப்போன பட்டியல்கள் இருந்தன. கடைசியில் பெயர் சூட்டும் குழுவே இறங்கிவந்து, 2020-இல் அவற்றை 'மார்ச்எஃப்1', 'செப்டின்2' என்று மாற்றியதை அறிவித்தது. மென்பொருளுக்காக மரபணு பெயரை மாற்றிக்கொண்ட கதை இது.

படி 2: அன்றன்றே எழுதுங்கள்

தாள் நோட்டோ மின்குறிப்பேடோ, எது கைக்கு வருகிறதோ அது. தவறாக எழுதியதை அழிக்காமல் ஒரு கோடு மட்டும் போடுங்கள். தோற்றுப்போன சோதனைகளையும் எழுதுங்கள். ஒரு பதிவு இப்படி இருக்கலாம்:

"14.03.2025. மாதிரி 17-ஐ நீக்கினேன். குடுவை மூடி தளர்ந்திருந்தது. அளப்பதற்கு முன்பே கவனித்தேன்."

இதில் கடைசி வாக்கியம்தான் தங்கம். முடிவைப் பார்த்த பிறகு பிடிக்காத மாதிரியை நீக்குவதும், பார்க்கும் முன்பே நீக்குவதும் ஒன்றல்ல. ஆறு மாதம் கழித்து எது நடந்தது என்று உங்கள் நினைவு சொல்லாது, நோட்டுதான் சொல்லும்.

படி 3: கேள்வியை முதலில் பூட்டுங்கள்

0.05 என்ற வழக்கமான வரம்பை (ஒன்றுமே இல்லாதபோதும் ஒரு சோதனை தற்செயலாக 'முக்கியமான முடிவு' காட்ட 5% வாய்ப்பு) வைத்துக்கொண்டு, உண்மையில் ஒன்றுமே இல்லாத தரவில் ஒன்றையொன்று சாராத 20 சோதனைகள் செய்தால், குறைந்தது ஒன்றாவது 'முக்கியமான முடிவு' என்று வர ஏறக்குறைய 64% வாய்ப்பு உண்டு. அந்த ஒன்றை மட்டும் கட்டுரையில் எழுதினால், பொய் சொல்லாமலேயே பொய் சொன்னதாகிவிடும். எனவே எதை அளப்போம், எத்தனை மாதிரி, எந்தச் சோதனை, எதையெல்லாம் நீக்குவோம் என்பதைத் தரவு வருவதற்கு முன்பே ஒரு பக்கத்தில் எழுதித் தேதி போடுங்கள். ஓஎஸ்எஃப் (ஓப்பன் சயின்ஸ் ஃப்ரேம்வொர்க்) போன்ற ஆய்வுத் தளங்களில் இதை முன்பதிவு செய்யலாம். (ரயில் டிக்கெட் மாதிரி இருந்தாலும் இதற்கும் அதே சொல்தான்.) நடுவில் வேறு யோசனை வந்தால் தாராளமாகச் செய்து பாருங்கள். அது பிறகு தோன்றியது என்பதைக் கட்டுரையில் சொல்லிவிட்டால் சரி.

மனிதர்களிடம் தரவு சேகரிப்பதாக இருந்தால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் இந்தக் கட்டத்திலேயே வேண்டும். சேகரித்துவிட்டு முன்தேதியிட்டு வாங்க முடியாது.

படி 4: கணக்கை வேறொருவர் கையில் கொடுங்கள்

அரசுக் கடனையும் பொருளாதார வளர்ச்சியையும் பற்றி பொருளாதார அறிஞர்கள் கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் 2010-இல் எழுதிய கட்டுரை உலகெங்கும் பேசப்பட்டது. தாமஸ் ஹெர்ன்டன் என்ற முனைவர் பட்ட மாணவர் வகுப்புப் பயிற்சிக்காக அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார், எண்கள் ஒத்துவரவில்லை. ஆசிரியர்களிடமே எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், சராசரி எடுக்கும் சூத்திரம் ஐந்து வரிகள் முன்னாலேயே நின்றுவிட்டது. 20 நாடுகளில் 15 மட்டுமே கணக்கில் வந்திருந்தன. 2013-இல் விஷயம் வெளிவந்தபோது அந்தப் பிழையை ஆசிரியர்களும் ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் கோப்பைக் கொடுத்ததால்தான் பிழை தெரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது: கட்டுரையை அனுப்பும் முன் மூலக் கோப்பையும் நிரலையும் ஒரு நண்பரிடம் கொடுத்து, நீங்கள் வாயே திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ, அங்கே ஒரு விளக்கக் குறிப்பு தேவை.

படி 5: பெயர் வரிசையை இப்போதே பேசுங்கள்

கட்டுரை முடிந்த பிறகு பேசினால் சண்டைதான். மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு சொல்லும் நான்கு நிபந்தனைகள்: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், மொத்தத்துக்கும் பொறுப்பேற்பது. நான்கும் சேர்ந்து வேண்டும். பணம் வாங்கித் தந்தவர், ஆய்வகத்தைத் திறந்துவிட்டவர் என்றால் நன்றி சொல்லும் பகுதி இருக்கிறது. பொறுப்பேற்க முடியாத ஏஐ கருவிக்கும் ஆசிரியர் இடம் கிடையாது, பயன்படுத்தியதைத் தெரிவிக்க வேண்டும்.

நெறியாளரிடம் நேரில் கேட்கத் தயக்கமாக இருந்தால் இரண்டு வரி மின்னஞ்சல் போதும்: "ஐயா, இந்தக் கட்டுரையில் யார் யார் எந்தப் பகுதியைச் செய்கிறோம் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன். விடுபட்டது இருந்தால் சேர்த்துத் தாருங்கள்."