உலகப் பொதுச் சுகாதாரத்தில் வேலை செய்ய ஆசையா? உங்கள் மாவட்டத்திலிருந்து தொடங்குங்கள்

நர்சிங் படிப்பவர்கள், புள்ளியியல் முடித்தவர்கள், எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிப்பவர்கள், ஹவுஸ் சர்ஜன் பயிற்சியில் இருக்கும் இளம் மருத்துவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான்: "உலக சுகாதார நிறுவனத்தில் சேர என்ன படிக்கணும்?"

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். அந்த நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஜெனீவாவுக்கு விண்ணப்பம் போடுவதில் ஆரம்பிக்காதீர்கள். ஒரு சுகாதாரப் பிரச்சினையைக் கையில் எடுங்கள். ஒரு மாவட்டத்தில் கால் ஊன்றுங்கள். கணக்கெடுத்துப் பார்க்கும் திறமையை வளர்த்துக்கொண்டு சில வருடங்கள் அங்கே உழையுங்கள். இந்தத் துறையில் உருப்படியாக ஏதாவது செய்தவர்களில் பலர் இந்த வழியாகத்தான் வந்திருக்கிறார்கள். எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: வேலை என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

மருத்துவமனையில் டாக்டர் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரின் காய்ச்சலைப் பார்க்கிறார். பொதுச் சுகாதாரத்தில் இருப்பவரோ, இந்த வாரம் குறிப்பிட்ட ஒரு தெருவிலிருந்து மட்டும் ஏன் இத்தனை பேர் காய்ச்சலோடு வருகிறார்கள் என்று விசாரிக்கிறார். அதற்கு விடை தேட டாக்டர் மட்டும் போதாது. பூச்சியியல் தெரிந்தவர், கணக்குத் தெரிந்தவர், மக்களிடம் உட்கார்ந்து பேசத் தெரிந்தவர், பட்ஜெட் போடத் தெரிந்தவர் எல்லோரும் வேண்டும்.

மருந்து கொள்முதலையே எடுத்துக்கொள்வோம். 1995 முதல் நம் அரசு மருத்துவமனைகளுக்குத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்தான் மருந்து வாங்கித் தருகிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. அதில் ஒதுக்கிய தொகைக்குள் மாவட்டக் கிடங்கிலிருந்து தேவையான மருந்தை எடுத்துக்கொள்ளலாம். மற்ற மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றிய ஏற்பாடு இது. இதை நடத்த ஸ்டெதஸ்கோப் தேவையில்லை. ஆகவே "நான் டாக்டர் இல்லையே" என்ற தயக்கத்தை இங்கேயே விட்டுவிடுங்கள்.

படி 2: ஒரு பிரச்சினையைத் தேர்ந்தெடுங்கள்

"எனக்கு எல்லாவற்றிலும் ஆர்வம்" என்று சொல்பவரை எந்தக் குழுவில் சேர்ப்பது என்று யாருக்கும் தெரியாது. ஒன்றைப் பிடியுங்கள். உலகம் பேசும் பிரச்சினைகள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. தர்மபுரிப் பக்கம் தண்ணீரில் ஃப்ளோரைடு. இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் விவசாயிகளைத் தாக்கும், காரணம் இன்னும் முழுமையாகப் பிடிபடாத சிறுநீரக நோய். பாம்புக்கடியை உலக சுகாதார நிறுவனம் கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் 2017இல்தான் சேர்த்தது. நம் வயல்காட்டில் வேலை செய்பவர்களுக்கு அது என்றைக்குமே கவனத்தில் இருந்த ஆபத்து.

எனக்கு நெருக்கமான உதாரணம் காசநோய். 1956இல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு எல்லாம் சேர்ந்து தொடங்கியது. அந்தக் காலத்தில் டிபி என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கை ஓய்வு, நல்ல சாப்பாடு, நல்ல காற்று வேண்டும் என்று நம்பினார்கள். நம் நாட்டில் இருந்த படுக்கைகளோ கொஞ்சம். வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தால் என்ன ஆகும்?

நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்குப் போனது. மறுபாதி சென்னையின் நெரிசலான வீடுகளிலேயே இருந்து ஒரு வருடம் மருந்து சாப்பிட்டது. பணியாளர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள். மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். 1959இல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள், குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை. உலகம் முழுக்க டிபி சிகிச்சை சானடோரியத்தை விட்டு வீட்டுக்கு வந்ததில் அந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. அதே மையத்தில், பின்னாளில் அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக ஆனபோதும், பல வருடங்கள் உழைத்த சௌம்யா சுவாமிநாதன்தான் 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் முதல் தலைமை விஞ்ஞானி ஆனார்.

வீடு வீடாகப் போய் மாத்திரை எண்ணிய அந்தப் பணியாளர்களின் பெயர் பெரிதாக எங்கும் இல்லை. ஆனால் அவர்கள் எண்ணியது தப்பாக இருந்திருந்தால் அந்த ஆய்வே நின்றிருக்காது. நீங்கள் முதலில் சேரப் போகும் வேலை பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். அதை மதித்துச் செய்யுங்கள்.

படி 3: கணக்குப் பழகுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். செலவே இல்லாமல் தொடங்கலாம்.

ஒரு கிராமத்தில் வயிற்றுப்போக்கு பரவுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுகாதாரக் குழு முதலில் தயாரிப்பது லைன் லிஸ்ட். ஒரு ஆளுக்கு ஒரு வரி: பெயர், வயது, ஆணா பெண்ணா, தெரு, நோய் தொடங்கிய தேதி, குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து, மருத்துவமனையில் சேர்ந்தாரா. கற்பனையாக ஒரு 30 பேருக்கு எக்செல்லில் போட்டுப் பாருங்கள். அப்புறம் தேதிவாரியாக எத்தனை பேருக்கு நோய் வந்தது என்று கட்டம் கட்டமாக வரையுங்கள். ஓரிரு நாளில் சட்டென்று ஏறி இறங்கினால், எல்லோரும் ஒரே இடத்தில் எதையோ சாப்பிட்டிருக்கலாம், குடித்திருக்கலாம். சில நாள் இடைவெளி விட்டு அலை அலையாக வந்தால், ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவுகிறதோ என்று யோசிக்க வேண்டும்.

அடுத்து ஒப்பீடு. ஓவர்ஹெட் டேங்க் தண்ணீர் குடித்த 100 பேரில் 40 பேருக்கு நோய், வேறு தண்ணீர் குடித்த 100 பேரில் 5 பேருக்கு நோய் என்றால், ஆபத்து 8 மடங்கு. இது வலுவான சந்தேகம்தான், தீர்ப்பு அல்ல. டேங்குக்கு ஏறிப் பார்க்க வேண்டும், கடைசித் தெருக் குழாயில் குளோரோஸ்கோப் வைத்துக் குளோரின் அளவு பார்க்க வேண்டும், பைப் எங்காவது சாக்கடைக்குள் ஓடுகிறதா என்று நடந்தே போய்ப் பார்க்க வேண்டும்.

இது பிடிபட்டால் அடுத்தது தேசிய குடும்ப நல ஆய்வு. 2019–21இல் நடந்த ஐந்தாவது சுற்றின் மாவட்ட அறிக்கைகள் இணையத்தில் இலவசம். உங்கள் மாவட்டத்தையும் பக்கத்து மாவட்டத்தையும் எடுத்து, பெண்களின் ரத்தசோகை, சிசேரியன் பிரசவம் இரண்டையும் ஒப்பிட்டு இரண்டு பக்கம் எழுதுங்கள். வித்தியாசத்துக்கு என்ன காரணம் இருக்கலாம், அதைச் சரிபார்க்க இன்னும் என்ன தகவல் வேண்டும் என்பதையும் சேருங்கள். இந்த இரண்டு பக்கம் பின்னால் உதவும்.

படிக்க, அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் எபிடெமியாலஜி (நோய்ப் பரவலை ஆராயும் இயல்) அடிப்படைப் பாடநூல் இலவசமாகக் கிடைக்கிறது. சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தின் ஆராய்ச்சி அடிப்படைப் பாடங்கள் ஸ்வயம் என்ற இணையவழிக் கல்வித் தளத்தில் இருக்கின்றன. மென்பொருளுக்கு, புள்ளிவிவரக் கணக்குப் போட உதவும் ஆர் (R) போதும், அதுவும் இலவசம்.

படி 4: களத்துக்குப் போங்கள்

ஆரம்ப சுகாதார நிலையம், மாவட்ட காசநோய் மையம், மருத்துவக் கல்லூரிகளின் சமூக மருத்துவத் துறை, சென்னையில் காசநோய்க்காக வேலை செய்யும் ரீச் போன்ற தொண்டு நிறுவனங்கள் எல்லாமே கதவு தட்டக்கூடிய இடங்கள். கிராம சுகாதார செவிலியரோடு ஒரு நாள் முழுக்கக் கூடப் போய்ப் பாருங்கள். எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார், எந்த வீட்டில் தடுப்பூசி வேண்டாம் என்கிறார்கள், அங்கே யார் பேசினால் எடுபடும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

களம் தெரிந்தவர்கள் திட்டம் போட்டால் எப்படி இருக்கும் என்பதற்கு தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைப் பாருங்கள். டிபி உறுதியானவரின் உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா, காலில் வீக்கமா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் எவ்வளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று ஊழியர் அங்கேயே பார்த்துவிடுவார். ஆபத்தான நிலையில் இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்க்க ஏற்பாடு நடக்கும். லேப் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதே இல்லை.

படி 5: பட்டம்

எம்.பி.எச். என்ற பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பு தேவைதான். சென்னை தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், திருவனந்தபுரம் அச்சுத மேனன் மையம், புதுச்சேரி ஜிப்மர், மும்பை டாடா சமூக அறிவியல் கழகம் (டிஸ்) ஆகியவை நல்ல இடங்கள். வெளிநாட்டில் லண்டன், ஆன்ட்வெர்ப் நகரங்களின் வெப்பமண்டல மருத்துவக் கல்வி நிலையங்களுக்குப் பெயர் உண்டு. லட்சக்கணக்கில் கடன் வாங்கிக்கொண்டு உடனே பறக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. இரண்டு வருடம் வேலை செய்துவிட்டுப் போனால் வகுப்பில் சொல்வது வேறு மாதிரிப் புரியும். பிரிட்டன் அரசு தரும் செவனிங் உதவித்தொகையே இரண்டு வருட அனுபவம் கேட்கிறது. படித்து முடித்ததும் ஊருக்குத் திரும்பி இரண்டு வருடம் இருக்கவும் வேண்டும்.

படி 6: வெளிநாட்டு வேலையும் பணமும்

உலக சுகாதார நிறுவனத்தின் இன்டர்ன்ஷிப்புக்கு 20 வயது நிரம்பியிருக்க வேண்டும், உதவித்தொகை உண்டு. ஐ.நா. தன்னார்வலர் பணி, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு இரண்டும் நல்ல நுழைவாயில்கள். பிரெஞ்சு தெரிந்தால் மேற்கு ஆப்பிரிக்கா திறக்கும்.

ஆனால் நிலைமை மாறியிருக்கிறது. 2025 ஜனவரியில் அமெரிக்கா உலக சுகாதார நிறுவனத்தை விட்டு விலகுவதாக அறிவித்தது; வெளிநாடுகளுக்கு உதவி வழங்கிய அந்நாட்டின் யூஎஸ்எய்டு நிறுவனம் அதே வருடம் ஜூலையோடு தனி அமைப்பாக இயங்குவது நின்றது. பல நாடுகளில் அனுபவசாலிகளே வேலை இழந்தார்கள். ஆகவே வெளிநாட்டு நன்கொடையை மட்டும் நம்பிய வேலையில் முழு வாழ்க்கையையும் வைக்காதீர்கள். நோய்க் கண்காணிப்பு, தரவுப் பகுப்பாய்வு, மருந்துக் கொள்முதல் போல எந்த அரசுக்கும் தேவைப்படும் திறமை ஒன்று கையில் இருக்கட்டும். உள்ளூர் வேலைகளும் பெரும்பாலும் ஒப்பந்தப் பணிதான். ஒப்பந்தம் முடியும் மாதத்தைக் கணக்கில் வைத்துச் சேமியுங்கள். வீட்டிலும் இதை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

படி 7: இந்த வாரமே ஒரு மெயில் அனுப்புங்கள்

உங்கள் பிரச்சினையில் வேலை செய்யும் ஒரு ஆய்வாளரின் கட்டுரையைப் படித்துவிட்டு எழுதுங்கள். "எனக்கு வழிகாட்டுங்கள்" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். இப்படி இருக்கலாம்:

"வணக்கம் மேடம். நான் பி.எஸ்சி. புள்ளியியல் மூன்றாம் ஆண்டு மாணவி. எங்கள் மாவட்டத்தில் பெண்களின் ரத்தசோகை பற்றி, தேசிய குடும்ப நல ஆய்வை வைத்து இரண்டு பக்கம் எழுதி இணைத்திருக்கிறேன். உங்கள் கட்டுரையில் வளரிளம் பெண்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தது எனக்குப் புதிதாக இருந்தது. மே, ஜூன் இரண்டு மாதமும் உங்கள் குழுவில் டேட்டா என்ட்ரி, வீட்டு சர்வே எதுவானாலும் செய்யத் தயாராக இருக்கிறேன்."

இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அப்படியும் வராவிட்டால், அந்தக் கட்டுரையின் மற்ற ஆசிரியர்களின் பட்டியலைப் பாருங்கள். அதில் இளையவராகத் தெரிபவருக்கு அடுத்த மெயிலை அனுப்புங்கள். பதில் பெரும்பாலும் அவரிடமிருந்துதான் வரும்.