நள்ளிரவில் இழுக்கும் கெண்டைக்கால்

தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில், துணிக்கடையில் நாள் முழுவதும் நின்றே வேலை பார்க்கும் எனக்கு, தைப்பூசக் காவடியோடு வெறுங்காலுடன் நடந்ததிலிருந்து நள்ளிரவில் கெண்டைக்கால் சதை கல்லாக இறுகுவது வழக்கமாயிற்று. பெரியம்மா தைலம் தேய்த்துவிட்டார். சூடு இதமாக இருந்ததே தவிர பிடிப்பு விடவில்லை.

இயன்முறை மருத்துவர் விளக்கிய பிறகே வழி பிறந்தது. கெண்டைக்காலின் மேல்தசை தொடையெலும்பின் அடிமுனையில் இரு தலைகளாகத் தொடங்கி முழங்காலையும் கணுக்காலையும் கடக்கிறது. அதற்கு அடியிலுள்ள தட்டையான தசையோ முழங்காலுக்குக் கீழே தொடங்குகிறது. இரண்டும் ஒரே நாணாகச் சேர்ந்து குதிகாலெலும்பில் முடிகின்றன. ஆகவே முழங்காலை நேராக வைத்துப் பாதத்தை முகத்தை நோக்கி மடக்கினால்தான் மேல்தசை முழுமையாக நீளும்; முழங்காலை மடக்கினால் அடித்தசையே அதிகம் நீளும்.

பிடிப்பு வந்ததும் கையால் இழுப்பதோடு, கீழ்க்காலின் முன்பக்கத் தசையைக் கொண்டே பாதத்தை உயர்த்துகிறேன். தசையால் இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது என்பதால் அவை எதிரெதிர் இணைகளாக அமைந்துள்ளன; ஒன்று சுருங்கும்போது மற்றதைத் தளர்த்தும்படி தண்டுவடமே பார்த்துக்கொள்கிறது. தசைநாருக்குள் ஆக்டின் என்னும் புரத இழையைப் பற்றி இழுக்கும் மையோசின் என்னும் புரதம் தன் பிடியை விடுவதற்கும் ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறு வேண்டுமாம். தளர்வதற்கும் செலவுண்டு என்பது எனக்கு வியப்பு.

படுக்குமுன் சுவரில் கைகளை ஊன்றி, குதிகால் தரையை விட்டு எழாதபடி இரு விதமாகவும் நீட்டுகிறேன், பிடிப்பு அரிதாகிவிட்டது. பலர் பரிந்துரைத்த வாழைப்பழத்தால் எனக்கு மாற்றம் தெரியவில்லை. ஒரு காலில் மட்டும் வலியோடு வீக்கமும் சிவப்பும் தோன்றினால், இரத்த உறைவாக இருக்கக்கூடும் என்பதால், நீட்டிப் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும்.