பனை ஓலையை வெட்டாதீர்கள், மாஸ்க் போடுங்கள்

திசையன்விளை பக்கம் கோவில் கொடைக்கு பேனர் அடிக்க வருகிறவர்கள் சுடலைமாடனுக்குப் பின்னால் நாலு பனை நிற்க வேண்டும் என்பார்கள். அந்த ஓலையைப் போட்டோஷாப்பில் கோடு வரைந்து வெட்டும் பென் டூலால் சுற்றி வெட்டுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. கீறல் கீறலான நுனியெல்லாம் போய், மரம் மொட்டையாகிவிடும். அதற்கான மாஸ்க் அந்தப் படத்துக்குள்ளேயே இருக்கிறது.

மாஸ்க் என்பது ஒரு கறுப்பு வெள்ளைப் படம்தான். அதை ஒரு லேயருக்கு, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படங்களில் ஒன்றுக்குப் போடுவோம். வெள்ளையில் லேயர் தெரியும், கறுப்பில் மறையும், சாம்பல் நிறத்தில் அந்தச் சாம்பலின் அளவுக்கு அரைகுறையாகத் தெரியும். 0 முதல் 255 வரை படிகள் உண்டு. 128 என்றால் கிட்டத்தட்ட பாதி.

போட்டோஷாப்பில் பனைப் படத்தைத் திறந்து சேனல்ஸுக்குப் போங்கள். படத்தின் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் அங்கே தனித்தனிக் கறுப்பு வெள்ளைப் படங்களாக இருக்கும். வானம் நீலமாக இருந்தால் நீலச் சேனலில் வானம் வெளுத்தும் மரம் கறுத்தும் தெரியும். அந்திச் சிவப்பு வானம் என்றால் சிவப்புச் சேனலை எடுங்கள். அந்தச் சேனலுக்கு ஒரு நகல் போட்டு, கன்ட்ரோல் எல் அழுத்தி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் லெவல்ஸில் கறுப்பு முனை, வெள்ளை முனை இரண்டையும் உள்ளே தள்ளுங்கள். மரம் முழுக் கறுப்பாகவும் வானம் முழு வெள்ளையாகவும் வந்ததும் நிறுத்திவிடுங்கள். ஓலை நுனியில் கொஞ்சம் சாம்பல் இருக்கட்டும், அதுதான் உயிர். அதையும் தள்ளிவிட்டால் கத்தரியால் வெட்டிய மாதிரி ஆகிவிடும்.

அப்புறம் கன்ட்ரோல் ஐ. மரம் வெள்ளையாகும். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு அந்தச் சேனலின் சின்னப் படத்தைக் கிளிக் செய்தால் செலக்‌ஷன் வரும். முழு வண்ணப் படத்துக்குத் திரும்ப ஆர்ஜிபியைத் தொட்டு, லேயருக்கு வந்து, மாஸ்க் பட்டனை அழுத்துங்கள். பேக்கிரவுண்டில் பூட்டு இருந்தால் முன்னாடியே எடுத்துவிடுங்கள்.

வெயில் பட்ட அடிமரத்தில் ஓட்டை விழும். ஆல்ட் அழுத்தி மாஸ்க்கைக் கிளிக் செய்தால் மாஸ்க் மட்டும் திரையில் வரும். அந்த இடத்தை வெள்ளை பிரஷால் நிரப்புங்கள். ஓலையோரத்தில் நீலம் ஒட்டியிருந்தால் மாஸ்க்கிலேயே லெவல்ஸ் திறந்து கறுப்பு முனையைச் சற்று நகர்த்தினால் போகும். வாட்ஸ்அப்பில் படமாக வந்ததில் நீலச் சேனல் கட்டம் கட்டமாக இருக்கும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

சாம்பிராணிப் புகை இதைவிடச் சுலபம். கறுப்புத் துணிக்கு முன்னால் எடுத்த புகைப் படத்தை காப்பி செய்துகொள்ளுங்கள். பேனரில் வெள்ளை நிரப்பிய ஒரு லேயருக்கு மாஸ்க் போட்டு, ஆல்ட் கிளிக் செய்து, அதற்குள் பேஸ்ட் செய்யுங்கள். சுடலையின் முகம் புகைக்குள்ளே தெரியும். ஜிம்ப் என்ற இலவச மென்பொருள் வைத்திருப்பவர்கள் புகை லேயருக்கு மாஸ்க் சேர்க்கும்போது ‘கிரேஸ்கேல் காப்பி ஆஃப் லேயர்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, பிறகு லேயரில் வெள்ளை நிரப்பலாம். துணி முழுக் கறுப்பாக இல்லாவிட்டால் பேனரில் ஒரு மங்கலான சதுரம் விழும். லெவல்ஸில் கறுப்பு முனையைத் தள்ளினால் சரி.

மரத்தையோ புகையையோ தனியாக எடுத்து வைப்பதானால் பிஎன்ஜியில் சேமியுங்கள். ஜேபெக்கில் பின்னணி அடைத்துக்கொள்ளும்.