கட்டிக் கொடுப்பதும் ஓட வைப்பதும்: பெருந்தொகை கொடுக்க நினைக்கும் குடும்பங்களுக்கு

அரசுப் பள்ளிக்கு ஆர்.ஓ. பிளான்ட் (குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம்) வாங்கித் தருவது நம் ஊர் வசதியானவர்களுக்கு மிகவும் பிடித்த தானம். சில லட்சத்தில் முடிந்துவிடும், ரிப்பன் வெட்டலாம், பெயர் பொறித்த கல்லும் பதிக்கலாம். இரண்டு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் பல பள்ளிகளில் அந்த இயந்திரத்தின் மேல் பழைய விடைத்தாள் கட்டுகள் அடுக்கியிருக்கும். மண், தூசியைப் பிடிக்கும் செடிமென்ட் ஃபில்டரை, தண்ணீரின் கலங்கலைப் பொறுத்து, ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். உப்பைப் பிரிக்கும் சவ்வான மெம்பரேன் இரண்டு மூன்று வருடம் தாங்கும். போர் தண்ணீரில் உப்பு அதிகம் என்றால் அதற்கு முன்பே போய்விடும். கோடை விடுமுறையில் ஓடாமல் கிடந்தாலும் அடைத்துக்கொள்ளும். உள்ளே போகும் தண்ணீரில் பாதியளவு கழிவாக வெளியேறும். அதற்குக் குழாய் போடாவிட்டால் விளையாட்டு மைதானம் சேறாகும். மெக்கானிக்கைக் கூப்பிடப் பள்ளியில் பணம் இருக்காது. ஆசையாகக் கேட்டு வாங்கிய தலைமை ஆசிரியர் மாறுதலில் போயிருப்பார்.

ஐந்து லட்சமோ ஐம்பது கோடியோ, கொடை வீணாகும் விதம் பெரும்பாலும் இதுதான். ஆகவே எதற்குக் கொடுப்பது என்று குடும்பத்தில் பேசும்போதே, அது ஓடுகிற செலவை யார் தாங்குவார் என்பதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

முதலில் ஓடும் செலவு

ஒரு மாதிரிக் கணக்கு. மேல்நிலைப் பள்ளி ஒன்றில் மாணவிகளுக்குக் கழிப்பறைத் தொகுதி கட்ட 12 லட்சம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தூய்மைப் பணியாளருக்கு மாதம் 8,000 ரூபாய், பினாயில், ஆசிட், துடைப்பம், நாப்கின் அகற்றுவது எல்லாம் சேர்த்து மாதம் 2,000. மோட்டார், குழாய், கதவுத் தாழ்ப்பாள் என வருடத்துக்கு 30,000. மொத்தம் வருடம் ஒன்றரை லட்சம். ஐந்து வருடத்துக்கு ஏழரை லட்சம். அப்படியானால் இந்தக் கொடையின் உண்மையான விலை பத்தொன்பதரை லட்சம். கையில் இருப்பது 12 லட்சம்தான் என்றால் சிறிய தொகுதியாகக் கட்டிவிட்டு மீதியைப் பராமரிப்புக்கு வைப்பதுதான் சரி. தாழ்ப்பாள் இல்லாத, தண்ணீர் வராத பத்துக் கழிப்பறையைவிட ஓடுகிற நான்கு மேல்.

இந்தக் கணக்கைப் பெரிய அளவில் போட்டுப் பார்த்தவர் அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி. உலகம் முழுக்க 2,500க்கும் மேற்பட்ட நூலகக் கட்டடங்களுக்கு அவர் பணம் கொடுத்தார். வழக்கமான நிபந்தனை இரண்டு: நிலத்தை ஊர் கொடுக்க வேண்டும், கட்டடத்துக்குத் தரும் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஊராட்சி வரிப்பணத்திலிருந்து வருடாவருடம் நூலகத்துக்கு ஒதுக்க வேண்டும். ஒப்புக்கொள்ளாத ஊருக்குப் பணம் இல்லை.

காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் செய்தது வேறு வழி. மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறக்கப்பட்டது. விஞ்ஞானிகளின் சம்பளமும் ஆய்வுச் செலவும் மத்திய அரசின் அறிவியல், தொழிலக ஆய்வு மன்றத்தின் பொறுப்பு. மூன்றாவது வழி மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. 1976இல் 11 படுக்கையோடு தொடங்கியபோதிருந்தே, கட்டணம் கட்டும் நோயாளிகளின் வருமானத்தில் இலவச சிகிச்சையும் நடக்கும்படி அமைத்தார்கள்.

உள்ளாட்சி, அரசு, பயனாளர் கட்டணம். இந்த மூன்றில் ஒன்று உங்கள் திட்டத்துக்குப் பொருந்த வேண்டும். எதுவுமே பொருந்தாது என்றால் நான்காவது வழி, நீங்களே மூலதன நிதி போட்டு வட்டியில் நடத்துவது. ஏழு சதவீத வட்டி கிடைக்கும் என்று வைத்தால் வருடம் ஒன்றரை லட்சத்துக்கு ஏறக்குறைய 21 லட்சம் முடக்க வேண்டும்; சம்பளமும் விலைவாசியும் ஏறுவதற்கு ஈடாக அதைவிடக் கூடுதலாகவே. இந்தத் தொகையைப் பார்த்த பிறகுதான் பலர் முதல் மூன்று வழிகளையும் அக்கறையோடு தேடத் தொடங்குகிறார்கள். தமிழ்நாட்டில் நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். ஆனால் அது பெரும்பாலும் கட்டுவதற்கான பணம். பராமரிப்பு யாருடையது என்பதைத் தனியாக எழுதி வாங்க வேண்டும்.

பிரச்சினையைச் சுருக்குவது

"கல்விக்குச் செய்யலாம்" என்பதை வைத்து வேலை தொடங்க முடியாது. யார், எந்த ஊர், என்ன மாற வேண்டும், எப்போதைக்குள் என்ற நான்கும் ஒரே வாக்கியத்தில் வர வேண்டும். "இந்த ஒன்றியத்தில் மூன்றாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் தமிழில் ஒரு சின்னக் கதையைத் தடங்கலின்றி வாசிக்க வேண்டும், மூன்று வருடத்தில்" என்பது போல.

அடுத்தது தொடக்க நிலையை அளப்பது. வாசிப்புக்குப் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் அசர் (ASER) கருவி இருக்கிறது: எழுத்து, சொல், முதல் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை என்று படிப்படியாகக் காட்டி, பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று குறித்துக்கொள்வது. ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம் போதும். உங்கள் ஒன்றியத்தோடு, நீங்கள் எதுவும் செய்யப்போகாத பக்கத்து ஒன்றியத்திலும் அளந்து வையுங்கள். மூன்று வருடம் கழித்து இரண்டு இடத்திலும் ஒரே அளவு முன்னேற்றம் என்றால் அது உங்கள் பணத்தால் வந்ததாகச் சொல்ல முடியாது. இந்த வேலையைத் தள்ளிப்போட்டால் பிறகு செய்யவே முடியாது, ஏனென்றால் தொடக்க நிலை அதற்குள் போய்விடும்.

அரசு அதே பிரச்சினைக்கு எவ்வளவு செலவழிக்கிறது என்றும் பாருங்கள். 2024-25 பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு பள்ளிக் கல்விக்கு ஒதுக்கியது 44,042 கோடி. உங்களுடைய ஐந்து கோடி அதோடு போட்டி போட முடியாது. அரசால் எளிதில் செய்ய முடியாத இடங்களில்தான் அதற்கு மதிப்பு: புது முறையை ஐம்பது பள்ளியில் சோதித்துப் பார்ப்பது, ஆசிரியர் பயிற்சிக்கு நல்ல பாடப்பொருள் தயாரிப்பது, காலிப் பணியிடம் நிரம்பும்வரை ஆள் போடுவது. சோதனை வெற்றி என்றால் அரசு எடுத்துக்கொள்ளும் விலையில் அது இருக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு வருடம் 6,000 ரூபாய் ஆகும் முறையை, எவ்வளவு நன்றாக இருந்தாலும், எந்தத் துறையும் மாநிலம் முழுக்கக் கொண்டுபோகாது.

களத்துக்குப் போகும்போது விழா நாளைத் தவிர்த்து ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை போங்கள். அரசுப் பள்ளிக்குள் நுழைய முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி தேவைப்படும். முன்பே கடிதம் கொடுத்து வைக்கவும். சத்துணவு அமைப்பாளரிடமும், தூய்மைப் பணியாளரிடமும், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் அம்மாக்களிடமும் தனியாகப் பேசுங்கள். தலைமை ஆசிரியர் ஸ்மார்ட் கிளாஸ் கேட்பார், அவர்கள் சுற்றுச்சுவர் இல்லை என்பார்கள்.

சொந்த டிரஸ்ட் வேண்டுமா

வருடத்துக்கு ஐம்பது லட்சத்துக்கும் குறைவாகக் கொடுப்பவர்களுக்குச் சொந்த டிரஸ்ட் தேவையில்லை என்பது எங்கள் கருத்து. தணிக்கை, கணக்காளர், பதிவுப் புதுப்பிப்பு, வருமான வரிக் கணக்கு என்று செலவும் நேரமும் போகும். ஏற்கெனவே நன்றாகச் செய்கிற அமைப்புக்குக் கொடுத்துவிடலாம்.

தொடங்குவது என்றால் பத்திரத்தில் சிக்கனம் வேண்டாம். நோக்கங்களை ஆடிட்டர் தரும் மாதிரியிலிருந்து இருபது வரி நகல் எடுத்தால், பத்து வருடம் கழித்து எந்த அறங்காவலரும் எதற்கும் செலவழிக்கலாம். குடும்பத்துக்கு வெளியே குறைந்தது இரண்டு அறங்காவலர், அவர்களின் பதவிக்காலம், முடிவெடுக்கத் தேவையான எண்ணிக்கை, கலைத்தால் சொத்து எந்த மாதிரி அமைப்புக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். சென்னை வணிகர் பச்சையப்ப முதலியார் 1794இல் இறந்தார். உயிலில் அறத்துக்கு எழுதிவைத்த சொத்து நெடுங்கால வழக்கில் சிக்கியது. அவர் பெயரில் பள்ளிக்கூடம் திறந்தது 1842இல்தான்.

டிரஸ்ட் நிரந்தரமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்காக ஏறக்குறைய 5,000 பள்ளிக் கட்டடங்களுக்கு உதவிய தொழிலதிபர் ஜூலியஸ் ரோசன்வால்ட், தான் இறந்து 25 வருடத்துக்குள் நிதி முழுவதையும் செலவழித்துவிட வேண்டும் என்று விதித்தார். 1932இல் இறந்தார், நிதியை 1948இலேயே செலவழித்து மூடிவிட்டார்கள். பிரச்சினை இப்போது எரிகிறது என்றால் வட்டியை மட்டும் செலவழித்து மூலதனத்தைப் பொத்திவைப்பது எங்களுக்கு உகந்ததாகத் தோன்றவில்லை.

வரி விஷயத்தில் நம் ஊரில் அடிக்கடி இடறும் இடங்கள் சில. நன்கொடை கொடுப்பவருக்குக் கிடைக்கும் 80ஜி வருமான வரிக் கழிவு பழைய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு மட்டும். பெரும்பாலான டிரஸ்டுகளுக்குத் தந்தால் கொடுத்ததில் 50 சதவீதம், அதுவும் மொத்த வருமானத்தில் பத்து சதவீதம் என்ற வரம்புக்குள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. டிரஸ்டின் வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவழிக்க வேண்டும். உங்கள் டிரஸ்ட் இன்னொரு டிரஸ்டுக்கு நன்கொடை தந்தால் அதில் 85 சதவீதம்தான் செலவாகக் கணக்கில் சேரும். அறங்காவலரின் கட்டடத்தைச் சந்தையைவிடக் கூடுதல் வாடகைக்கு எடுப்பது, உறவினரைக் கொழுத்த சம்பளத்தில் வைப்பது போன்றவை வரிவிலக்குக்கே உலை வைக்கும். குறிப்பிட்ட சாதியின் நலனுக்கு என்று பத்திரத்தில் எழுதினாலும் அப்படியே. பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கானவை விதிவிலக்கு. சமுதாய டிரஸ்ட் தொடங்குபவர்கள் இதைத் தெரியாமலே பத்திரம் பதிந்துவிடுகிறார்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறையில் இருப்பதால் பிரிவு எண்களை ஆடிட்டரிடம் சரிபார்த்துக்கொள்ளவும்.

வெளிநாட்டில் இருந்து கொடுப்பவர்கள் பாஸ்போர்ட்டைப் பார்க்க வேண்டும். சிங்கப்பூரிலோ கனடாவிலோ இருந்தாலும் இந்தியக் குடியுரிமை இருந்தால், சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நிதி ஆகாது. குடியுரிமை மாறி ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை வைத்திருப்பவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி. வாங்கும் அமைப்புக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவும் புது தில்லி ஸ்டேட் வங்கி மெயின் கிளையில் அதற்கான கணக்கும் இருக்க வேண்டும். அந்தப் பணத்தை அவர்கள் வேறு அமைப்புக்கு மாற்றித் தரவும் முடியாது. அண்ணன் இந்தியப் பாஸ்போர்ட், தம்பி ஓ.சி.ஐ. என்றால் இருவரின் பணத்தையும் ஒரே கணக்கில் சேர்த்து அனுப்ப வேண்டாம்.

அமைப்பைத் தேர்ந்து ஒப்பந்தம் போடுவது

பதிவுச் சான்றிதழ்களையும் மூன்று வருடத் தணிக்கை அறிக்கையையும் எல்லோரும் கேட்கிறார்கள். அறிக்கையில் பார்க்க வேண்டியது, மொத்த வரவில் ஒரே கொடையாளரின் பங்கு எவ்வளவு என்பது. பாதிக்கு மேல் என்றால் அவர் நிறுத்திய அன்று உங்கள் திட்டமும் ஆடும். களப் பணியாளர்கள் எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். வருடாவருடம் ஆள் மாறினால் சம்பளம் போதவில்லை என்று பொருள்.

"எங்களுக்கு நிர்வாகச் செலவே கிடையாது" என்று சொல்லும் அமைப்பிடம் எச்சரிக்கை தேவை. கணக்கு எழுதுபவர், வாடகை, வண்டிச் செலவு எங்கோ ஒளிந்திருக்கும், அல்லது கணக்கே ஒழுங்காக இருக்காது. திட்டச் செலவோடு பத்து முதல் பதினைந்து சதவீதம் நிர்வாகத்துக்கு என்று நீங்களே சேர்த்துக் கொடுங்கள். சி.எஸ்.ஆர். (கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகச் செலவிடும்) பணத்தில் நிர்வாகச் செலவுக்கு ஐந்து சதவீத வரம்பு இருக்கிறதே என்பார்கள். அந்த வரம்பு கொடுக்கும் கம்பெனியின் சொந்த நிர்வாகச் செலவுக்கானது. அதைச் செயல்படுத்தும் தொண்டு நிறுவனத்தின் தலையில் ஏற்றுவது பரவலான தப்பு.

ஒப்பந்தம் மூன்று வருடத்துக்குப் போடுங்கள். பள்ளித் திட்டம் என்றால் முதல் தவணை மே மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும், ஜூனில் பள்ளி திறக்கிறது. மார்ச்சில் வரிக்காக முடிவெடுத்து, ஜூலையில் கையெழுத்துப் போட்டு, செப்டம்பரில் பணம் அனுப்பினால் காலாண்டுத் தேர்வு வந்துவிடும். அதற்குள் தேர்ந்தெடுத்த களப் பணியாளர்கள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள்.

அறிக்கை வருடத்துக்கு இரண்டு போதும், ஒவ்வொன்றும் நான்கு பக்கம். "பயனடைந்தோர் 12,000" என்ற எண்ணால் பயனில்லை. ஒருநாள் முகாமுக்கு வந்தவரும் வருடம் முழுக்கப் படித்தவரும் அதில் ஒன்றாகவே இருப்பார்கள். பெயர்ப் பட்டியலிலிருந்து இருபது பிள்ளைகளை நீங்களே குலுக்கிப் போட்டு எடுத்து, அசர் தாளை வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். எண் குறைந்து வந்தால் உடனே பணத்தை நிறுத்த வேண்டாம். ஒருமுறை நிறுத்தினால் அடுத்த அறிக்கையில் எண்கள் எல்லாம் அழகாகிவிடும், பிள்ளைகள் அதே இடத்தில் இருப்பார்கள்.

விலகும் தேதியையும் முதல் நாளே ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். கடைசி இரண்டு வருடம் தொகையைப் படிப்படியாகக் குறைத்து, அந்த இடைவெளியை யார் நிரப்புகிறார் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேட்கவும். பள்ளிக்குக் கொடுத்த மோட்டார், கணினி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று கையொப்பத்தோடு நகல் வாங்குங்கள். பதிவேட்டில் இல்லாத பொருளுக்குப் பழுது பார்க்கத் தலைமை ஆசிரியர் அரசுப் பணத்தைத் தொடத் தயங்குவார். கூடவே ரசீது, வாரண்டி அட்டை, மெக்கானிக்கின் எண், உதிரிப்பாகம் கிடைக்கும் கடை எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு, ஒரு பிரதி பள்ளியிலும் இன்னொன்று பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவரிடமும் இருக்கும்படி செய்துவிடுங்கள்.