கொழுப்புக்கு ஒரு படகுத்துறை: லிப்பிட் கடத்தும் புரதங்களை வரைந்து பழகுவோம்

நாகர்கோவிலில் என் வீட்டுத் திண்ணையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லித்தருகிறேன். செல் சவ்வை வரையச் சொன்னால், பெரும்பாலோர் மதில் சுவர் ஒன்றை எழுப்பிவிட்டு அடுத்த பாடத்துக்கு ஓடிவிடுகிறார்கள். அந்த மதில் ஓயாமல் கல் மாற்றிக்கொண்டே இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. ஒரு வெள்ளைத்தாள், பேனா, பென்சில், ஒரு தம்ளர் தண்ணீர், ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

படி 1: எண்ணெயைத் தண்ணீரில் ஊற்றுங்கள்

எவ்வளவு கலக்கினாலும் சற்று நேரத்தில் எண்ணெய் மீண்டும் மேலே கூடிவிடும். லிப்பிட் என்னும் கொழுப்பு மூலக்கூறின் வால்களுக்கும் இதே குணம். அதனால்தான் வால்களை உள்ளே ஒளித்து, தலைகளை வெளியே நீட்டி, ஈரடுக்காகச் சேர்ந்து சவ்வாகின்றன. தடிமன் சுமார் 5 நானோமீட்டர். லிப்பிடுகளில் பெரும்பங்கு, செல்லுக்குள் பரவிக்கிடக்கும் சவ்வு வலையான எண்டோபிளாச வலையில் தயாராகிறது. தேவையோ எல்லாச் சவ்வுகளுக்கும். நடுவில் கிடப்பது நீர் நிறைந்த சைட்டோபிளாசம். நீந்திக் கடப்பது நடக்காத காரியம். குமிழ்களில் பொதிந்து போவதும் உண்டு, அதை இன்று விட்டுவிடுவோம்.

படி 2: இரண்டு கரை, ஒரு படகு

தாளின் இடப்புறம் எண்டோபிளாச வலை, வலப்புறம் செல்லின் சரக்கைப் பிரித்து அனுப்பும் கோல்கை உறுப்பு. இரண்டும் நெருங்கிவரும் இடத்தில் இடைவெளி ஏறக்குறைய 10 முதல் 30 நானோமீட்டர்தான், குறுகலாகவே வரையுங்கள். நடுவில் குழிவான பை போல ஒரு புரதம். குழியின் உட்புறம் எண்ணெய்க்கு உறவு, வெளிப்புறம் தண்ணீருக்கு உறவு. சிலவற்றுக்கு மூடியும் உண்டு. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கு ஆளேற்றும் படகேதான். ஆனால் இதில் பெரும்பாலும் ஒரு நடைக்கு ஒரே பயணி.

பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைத்து 2024 டிசம்பர் 30 அன்று திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்துக்கும் செல்லில் ஒரு ஜோடி இருக்கிறது. விபிஎஸ்13 என்ற நீளமான புரதம் இரு சவ்வுகளுக்கிடையே பாலமாகக் கிடக்க, அதன் பள்ளத்தில் லிப்பிடுகள் வழுக்கிச் செல்கின்றன.

படி 3: திரும்பும் நடை

இங்கே அவசரப்படாதீர்கள். ஓஎஸ்பிபி என்ற படகு கொலஸ்டிராலைக் கோல்கைக்குக் கொண்டுபோகிறது. அங்கேயோ ஏற்கெனவே கொலஸ்டிரால் அதிகம். குறைந்த இடத்திலிருந்து நிறைந்த இடத்துக்கு ஏற்றிக்கொண்டே இருக்க யார் கூலி கொடுப்பது?

படகு வெறுமனே திரும்புவதில்லை. பிஐ4பி என்ற லிப்பிடை ஏற்றிவருகிறது. கோல்கையில் ஒரு நொதி, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியைச் செலவழித்து, பாஸ்படிடைல் இனாசிடால் என்ற லிப்பிடின் தலையில் பாஸ்பேட்டை ஒட்டி பிஐ4பி ஆக்குகிறது. கூலி அந்த ஏடிபிதான். எண்டோபிளாச வலையில் இறங்கியதும் சாக்1 என்ற நொதி அந்தப் பாஸ்பேட்டை வெட்டிவிடுகிறது. டிக்கெட்டைக் கிழித்த பிறகு அதே டிக்கெட்டில் மறுபடி ஏற முடியுமா? ஆகவே பிஐ4பி கோல்கையில் மிகுந்தும் இங்கே குறைந்தும் இருக்கிறது; அந்தச் சரிவுதான் கொலஸ்டிராலை எதிர்த்திசையில் தள்ளுகிறது. என் மாணவர்களில் பாதிப்பேர் சாக்1ஐ மறந்துவிடுவார்கள். அதை வரையாத படத்தில் படகு நகராது.

படி 4: செய்தி அனுப்புங்கள்

செல்லின் வெளிச் சவ்வில் பிஐபி2 என்ற லிப்பிடைப் போடுங்கள். வெளியிலிருந்து தூண்டல் வந்ததும் பாஸ்போலிப்பேஸ் சி என்ற நொதி அதை இரண்டாக வெட்டுகிறது. ஒரு துண்டான ஐபி3 எண்டோபிளாச வலைக்குப் போய்க் கால்சியத்தைத் திறந்துவிடுகிறது. டைஅசைல்கிளிசரால் என்ற மறுதுண்டு சவ்விலேயே நிற்கிறது. வெட்டிக்கொண்டே இருந்தால் சரக்கு தீராதா? தீரும். ஈயின் கண்ணில் இதைக் கண்கூடாகக் காணலாம். ஆர்டிஜிபி என்ற கடத்துப் புரதம் கெட்டுப்போன பழ ஈயில், வெளிச்சம் பட்டுப் பட்டுப் பார்வைச் செல்கள் சிதைகின்றன. பிஐபி2 செய்யத் தேவையான மூலப்பொருளைச் சவ்வுக்குக் கொண்டுசேர்க்கும் படகு அதுதான்.

படி 5: ஒட்டுண்ணியைச் சேருங்கள்

புதுத்தாளில் ஒரு இரத்தச் சிவப்பணு. அதற்குள் மலேரியா ஒட்டுண்ணி, அதைச் சுற்றி இன்னொரு சவ்வுறை. முதிர்ந்த சிவப்பணுவில் எண்டோபிளாச வலையே கிடையாது. ஆகவே வீட்டுக்காரரின் படகை நம்பிப் பயனில்லை. ஒட்டுண்ணி தன் படகைத் தானே கொண்டுவருகிறது. பிஎஃப்ஸ்டார்ட்1 என்ற அந்தப் புரதத்தைச் சில மருந்து மூலக்கூறுகளால் முடக்கியபோது, உள்ளே நுழைந்த ஒட்டுண்ணியால் உறைச்சவ்வை விரித்துக்கொள்ள முடியவில்லை.

பிளாஸ்மோடியம் பால்சிபாரம் ஏறக்குறைய 48 மணி நேரத்தில் சிவப்பணுவை உடைத்து வெளியேறும். அதற்கும் முன்னறிவிப்பு கால்சியம்தான். இங்கே நான்காம் படியை அப்படியே நகலெடுத்துவிடாதீர்கள். நம் செல்லில் ஐபி3யை வாங்கிக் கால்சியத்தைத் திறக்கும் புரதத்தின் சாயலில் எதுவும் இந்த ஒட்டுண்ணியின் மரபணுத் தொகுப்பில் அகப்படவில்லை. ஆகவே ஐபி3யிலிருந்து கால்சியத்துக்குப் போகும் அந்த ஒரு அம்புக்குறியை மட்டும் பேனாவால் போடாமல், பென்சிலால் புள்ளிக்கோடாக விடுங்கள்.